எங்கள் ஊரின் உயரமான இடம்

அது 2008ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்ததால் மட்டக்களப்பில் சோதனைக் கெடுபிடி குறையவே இல்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு கிராமத்துப் பாடசாலையில் ஐந்தாம் தரத்துக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அன்று நகரத்தில் ஆசிரியர் கூட்டம். ஒவ்வொருவரும் தம் வகுப்புப் பிள்ளைகள் செய்த ஆய்வைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் நிறைகுறை சொல்வார்கள்.

"திரும்பவும் கடல் வந்தா எங்க ஓடுற?" இதுதான் எங்கள் பிள்ளைகள் எடுத்த கேள்வி. சுனாமியில் ஆரையாவது பறிகொடுக்காத வீடு அங்கே இல்லை. மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி, தெருவும் ஒழுங்கையுமாக அளந்து, ஊரிலேயே உயரமான இடத்தைக் கண்டுபிடித்துப் பெரிய பிரிஸ்டல் போர்ட் அட்டையில் வரைபடமும் கீறிவிட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

காத்தான்குடியில் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தவரும் என்னைப் போலவே கையில் ஒரு சுருள் வைத்திருந்தார். முன்பின் அறியாத முஸ்லிம் ஆசிரியர், அதே கூட்டத்துக்குத்தான் போகிறார். அவருடைய பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சி வளர்த்திருந்தார்கள். வாய் சும்மா இருக்குமா? நானும் என் படத்தை விரித்துக் காட்டினேன். பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், இது ஆமிக் காம்ப்தானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரின் உயரமான இடம் இராணுவ முகாம் இருந்த மேடுதான். காவலரண், முள்கம்பி, வாசல் என்று ஒன்றும் விடாமல் பிள்ளைகள் கீறியிருந்தார்கள். வடிவாக நிறம் தீட்டச் சொன்னதே நான்தான். தினமும் பார்த்துப் பார்த்து, முகாமும் எங்களுக்குக் கோயில், சங்கக்கடை போல ஓர் இடமாகிப் போயிருந்தது.

பஸ் நின்றது. நகரத்துக்குள் நுழையும் பாலத்துக்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, நடந்து போய் மறுபடி ஏற வேண்டும். இப்படியொரு படத்தோடு பிடிபட்டால் புலிகளுக்கு உளவு பார்த்ததாகக் கொண்டுபோய்விடுவார்கள். கிழித்துப் போடவும் வழியில்லை. பஸ் வாசலடியிலேயே சிப்பாய் நின்றான்.

"இஞ்ச தாங்க," என்றார் அவர். என் படத்தைத் தன் படத்துக்கு அடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டார். "நீங்க முன்னுக்குப் போங்க. என்னத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கப்படாது."

நான் சோதனை முடிந்து திரும்பிப் பார்த்தேன். அவரை விரித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். வண்ணத்துப்பூச்சிப் படத்தின் ஓரத்தில் என் பிள்ளைகளின் பச்சை நிறம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அவர் பெருவிரலால் அதை அமத்திப் பிடித்தபடி, சிங்களத்தில் புழுவையும் கூட்டையும் விளக்கிக்கொண்டிருந்தார். சிப்பாய் சிரித்துத் தலையசைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பஸ்ஸில் படத்தைத் திருப்பித் தந்தபோது அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "புள்ளயள் கண்டுபிடிச்சது சரிதான் டீச்சர். ஆனா அங்க விரிச்சிடாதீங்க," என்றார்.

கூட்டத்தில் நான் படத்தை விரிக்காமல் வாயால் விளக்கினேன். "எல்லாம் சரி டீச்சர், முடிவு எங்க? எதுதான் உயரமான இடம்?" என்று கேட்டார்கள். அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? "பிள்ளைகள் இன்னும் அளக்கிறாங்க," என்றேன். ஆய்வு அரைகுறை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். பின்வரிசையில் பஸ்ஸில் வந்த அவர் மட்டும் தன் சுருளைப் பார்த்துக் குனிந்திருந்தார்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன சொன்னாங்க டீச்சர்?"

"நீங்க கண்டுபிடிச்சது சரியாம்," என்றேன். அது பொய்யில்லை.

இன்று மற்றவர்களின் வகுப்பு வேலைக்குக் கருத்துச் சொல்லும் இடத்தில் நானும் இருக்கிறேன். 'முடிவு இல்லை' என்று எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், தெரிந்தும் சொல்ல முடியாமல்தான் இவர் நிற்கிறாரோ என்று ஒரு கணம் எதிரே நிற்கும் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறேன்.