விட்டு வைத்த பல்

முந்திரிக்கொத்தின் மேல்மாவு பல்லில் உடைந்து, உள்ளே இருக்கும் வெல்லம் கலந்த பாசிப்பயறு நாக்கைத் தொடும்போது, கீழ்த்தாடையின் வலப்பக்கத்திலிருந்து காது வரை ஒரு மெல்லிய கம்பியை யாரோ சுண்டிவிட்டதுபோல் இருக்கும். இனிப்பை இடக்கன்னத்துக்கு ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகு இன்னொரு கடி கடிப்பேன். வலிக்குப் பயந்து விட்டுவிடக்கூடிய பண்டம் இல்லை அது. அப்பா கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஹோட்டலில் "சரக்கு மாஸ்டர்". முறுக்கு, மிக்சர், இனிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. உடைந்ததும் உதிர்ந்ததும் காகிதப் பொட்டலத்தில் வீட்டுக்கு வரும். அம்பாசமுத்திரத்தை விட்டு நாங்கள் கரமனைக்குக் குடிவந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாக முடியவில்லை. எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்கும் எனக்கும் மலையாளம் பாதி புரியும், பேச வராது. அப்பா பேசுவார், ஆனால் அவருடையது சமையற்கட்டில் கற்ற மலையாளம்.

வலி இரவில் வரத் தொடங்கியதும், ஹோட்டலுக்கு அருகிலேயே இருந்த ஒரு பல் டாக்டரிடம் அப்பா என்னைக் கூட்டிப்போனார். பெயர் பெற்றவர், கூட்டமும் அதிகம். கண்ணாடிக் கரண்டியை வாயில் விட்டுப் பார்த்தார், பல்லைத் தட்டினார், அப்பாவைத் திரும்பிப் பார்க்காமலே "பல்லினு புளிப்புண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் பல் புளிப்பது என்றால் நாம் சொல்லும் பல் கூச்சம். குளிர்ந்ததோ இனிப்போ பட்டால் சுள்ளென்கிறதா என்று கேட்டிருக்கிறார். சரக்கு மாஸ்டருக்கோ புளிப்பு என்றால் ஒரே ஒரு பொருள்தான்.

"இல்ல சாரே, மாவு கொஞ்சம் புளிச்சிட்டாலும் நான் வீட்டுக்குக் கொண்டுபோறதில்ல. பிள்ளைக்கு ஆகாது" என்றார், தன் தொழிலைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்கிற கௌரவத்தோடு. அந்தப் பதிலில் டாக்டருக்கு வேண்டியிருந்தது முதல் சொல் மட்டும். "இல்ல" இரண்டு மொழிக்கும் பொது. இவ்வளவு பெரிய குழி, ஆனால் கூச்சம் இல்லை. அப்படியென்றால் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தபடி கிடந்த என்னை யாரும் கேட்கவில்லை. "ஞரம்பு போயி. எடுக்காம்" என்றார். நரம்பு போயிற்று, எடுத்துவிடலாம் என்று சொல்லி, வியாழக்கிழமை காலை பல்லைப் பிடுங்க வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அப்பா செய்தியைச் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பால்பல்லுதான, எடுத்தா முளைச்சிரும்" என்றார் அப்பா.

"எது பால்பல்லு? இவ பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம் முளைச்ச பல்லு அது. அந்த எடத்துல அதுக்கு முன்ன பல்லே கெடையாது. போனா போனதுதான்."

"எடுத்தவன்லாம் நல்லாத்தான இருக்கான்."

"நான் நல்லாவா இருக்கேன்? கல்யாணத்துக்கு முன்ன ஊர்ல ஒண்ணப் பிடுங்கினாவ. அன்னையிலேர்ந்து ஒரு பக்கமாத்தான் மெல்லுதேன். நீங்க கண்டியளா?"

ஊரில் பாதிப் பேருக்குத் தின்னக் கொடுக்கிற அப்பா அதைக் கண்டதில்லை. அன்று இரவு சாப்பாட்டின்போது அவர் அம்மாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

வியாழக்கிழமைக்குள் வேறொரு டாக்டரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. முதலில் அடுத்த வீட்டு மாமியிடம் போனாள். பல தலைமுறைகளுக்கு முன் கரமனைக்கு வந்த குடும்பம் அது. மாமிக்குத் தெரியாத டாக்டர் கிடையாது. அப்பா போன அதே டாக்டரைத்தான் மாமியும் புகழ்ந்தாள்.

"எங்காத்து மாமாவுக்கு மூணு பல்லு எடுத்தார், கேட்டேளா. பூப்பறிச்ச மாதிரி. எடுத்தாச்சான்னு மாமா கேக்கறார், அவர் பல்லைத் தட்டுல காட்டறார். கைராசின்னா அது கைராசி."

"மூணையுமே எடுத்துட்டாரா மாமி?"

"மூணும் போய்த்து. இப்போ மாமாக்கு வலின்னு ஒண்ணே கெடையாது."

"பல்லே இல்லன்னா வலி எங்க இருந்து வரும்?" என்று அம்மா கேட்டதும் மாமி ஒரு நொடி யோசித்து, பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "எடுத்த பல்லத்தான் எல்லாரும் எண்ணிச் சொல்லுதிய. விட்டு வச்ச பல்ல ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறியளே" என்றாள்.

பிற்காலத்தில் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் நல்ல கேள்விகள் கேட்கிறவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் அந்தக் கேள்வியை அவர்களில் வெகுசிலரே கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா டாக்டர்களைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திவிட்டு, வாய்களைப் பார்க்கத் தொடங்கினாள். கடையிலும் பஸ்ஸிலும் யார் சிரித்தாலும், கொட்டாவி விட்டாலும், அவள் கண் கடைவாய்க்குப் போகும். எனக்குக் கூச்சமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பால் பூத்தில், பாக்கெட் போட்டுத் தருகிற ராதாமணி ஏதோ வேடிக்கைக்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கீழ்க்கடைவாயில் சிறு நகத்தளவு ஈயம்போல் ஒன்று மின்னியது. அம்மா வரிசையை விட்டு முன்னே போய், "சேச்சி, உள்ள மின்னுதே, அது பல்லு அடச்சதா? எப்ப அடச்சது?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"அய்யோ, என்றெ வாயிலாணோ நோட்டம்?" என்று ராதாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அம்மா பார்க்க வசதியாகத் திறந்தே காட்டினாள். மூத்த மகன் பிறந்த வருடம் அடைத்ததாம். அவன் இப்போது வேலைக்குப் போகிறான். அடைத்தது ஒரு பெண் டாக்டர், இங்கேதான், பாலத்துக்குப் போகிற வழியில் மாடியில். "எடுத்தோளான் பறஞ்ஞது ஞானா. டாக்டர் சம்மதிச்சில்ல" என்றாள். பிடுங்கிவிடுங்கள் என்று கேட்டது நோயாளி, மறுத்தது டாக்டர். அம்மாவுக்கு இதற்கு மேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அன்று மாலையே போனோம். அப்பாவும் ஹோட்டலில் சொல்லிவிட்டு வந்தார். நரைத்த தலைமுடியை இறுக்கிப் பின்னிய, அதிகம் பேசாத அம்மையார் அந்த டாக்டர். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: "புளிப்புண்டோ?" அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். டாக்டர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், கேள்வி போய்ச் சேரவில்லை என்பதைப் புரிந்துகொண்டார். பெரும்பாலோர் அந்த இடத்தில் அதே சொல்லை உரத்த குரலில் மறுபடி சொல்வார்கள். அவர் சொல்லை விட்டுவிட்டார். ஒரு பஞ்சுத் துணுக்கில் எதையோ தெளித்தார். அது வெண்பனி பூத்து விறைத்தது. முதலில் அதைப் பக்கத்தில் இருந்த நல்ல பல்லில் வைத்து, என் கண்ணைப் பார்த்தார். பிறகு கெட்ட பல்லில் வைத்தார். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். உடனே எடுத்துவிட்டு, வலி அடங்குகிறதா என்று காத்திருந்தார். அடங்கியது.

"ஜீவனுண்டு" என்றார்.

உயிர் இருக்கிறது. அந்த ஒரு சொல்லில் அம்மா முகம் மாறியது. "இதாணு புளிப்பு" என்று டாக்டர் பஞ்சைக் காட்டி அப்பாவுக்கு விளக்க, அம்மா, "அட, இது பல் கூச்சம்லா!" என்றாள். "பல்லினு நாணமோ?" என்று டாக்டர் அன்று முதலும் கடைசியுமாகச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, கிழக்கேகோட்டை டாக்டரிடம் தான் சொன்ன பதில் என்ன என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. நியாயமாகச் சொன்னால், அந்த டாக்டரின் கேள்வியில் பிழை இல்லை. காதில் விழுந்த முதல் சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டார். இவர் பல்லிடமே கேட்டார்.

சொத்தையைச் சுரண்டி, மருந்து வைத்து, அடைத்து முடித்த பிறகு அவர் சொன்னதை அம்மா பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். "சிலப்போ நில்க்கும், சிலப்போ நில்க்கில்ல. வேதன வந்தா வரணம்." நிற்கலாம், நிற்காமலும் போகலாம். படி இறங்கும்போது அப்பா, "உறுதியாச் சொல்ல மாட்டேங்கிறாவளே" என்றார். "தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுதாவ. இனி நம்ம வீட்டுக்கு இவுகதான்" என்றாள் அம்மா. அடுத்த மாதம் அப்பாவையும் அழைத்துப்போய் அதே நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அந்தப் பல் நின்றுவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக எல்லாவற்றையும் அதில் மென்றிருக்கிறேன்.

சாலையை அகலப்படுத்தியபோது மாடி இருந்த கட்டடம் போய்விட்டது. டாக்டர் அதற்கு முன்பே தொழிலை விட்டிருந்தார். இப்போது எங்கள் தெருமுனையிலிருந்து பஸ் நிறுத்தம் போவதற்குள் கண்ணாடிக் கதவு போட்ட பல் மருத்துவமனைகள் பல இருக்கின்றன. கைபேசியில் ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரங்கள். சுத்தம், கனிவு, காத்திருக்கும் நேரம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்துத்தான் சென்ற வாரம் என் மகளை ஓர் இடத்துக்கு அழைத்துப்போனேன். இளம் டாக்டர், பொறுமையாகத்தான் பார்த்தார், நன்றாகத்தான் அடைத்தார். பல்லின் நிறத்திலேயே அடைக்கிறார்கள் இப்போது. இனி எந்தப் பால் பூத்திலும் எந்த அம்மாவாலும் ஒரு சிரிப்பைப் பார்த்து டாக்டரைக் கண்டுபிடிக்க முடியாது. வெளியே வந்ததும் மகளை வெயிலில் நிறுத்தி, வாயை அகலத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அத்தனையும் வெள்ளையாக, ஒன்றுபோல் இருந்தன. அடைத்த பல் எது என்று எனக்கே தெரியவில்லை.