மொட்டை மாடியின் மூன்று அதிகாரங்கள்

இன்று காலை எங்கள் ஸ்ரீரங்கம் ஃப்ளாட்டின் மொட்டை மாடியில், நான் காயப்போட்ட ஈரத்துணியைச் சுருட்டி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார் அசோசியேஷன் தலைவர். திருச்சிக் கல்லூரியில் எனக்கு அரசியல் அறிவியல் நடத்தியவர்.

"வாடகைக்கு இருக்கறவங்க இங்க துணி காயப்போடக் கூடாதும்மா. ரூல் இருக்கு."

"யார் சார் போட்டது?"

"நான்தான்."

"யார்கிட்ட புகார் கொடுக்கறது?"

"என்கிட்டயே எழுதிக் குடு. விசாரிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சட்டம் போடறதும், நடத்தறதும், தீர்ப்பு சொல்றதும் ஒரே ஆளுன்னா அது கொடுங்கோன்மைன்னு ஒரு பிரெஞ்சு அறிஞர் சொன்னதா நீங்கதானே சார் நடத்துனீங்க?"

"அது நாட்டுக்கும்மா. இது ஃப்ளாட்டு."

அந்தக் காலத்து ஐரோப்பிய ராஜாக்களை வகுப்பில் கிழிகிழியென்று கிழித்தவர். கையில் ஒரு கொடிக்கயிறு கிடைத்ததும் முடிசூட்டிக்கொண்டார்.

உங்கள் மாடியில் யார் ஆட்சி?