காற்றைக் குறைத்தால் லாரியும் குறையும்

அண்ணன் ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்தபோது காது பாதிதான் வந்தது. மெல்லிய, கூரிய சத்தங்கள் போயிருந்தன. கனத்த சத்தங்கள் மிஞ்சியிருந்தன. பேசினால் பேசுகிறோம் என்பது தெரியும், என்ன பேசுகிறோம் என்பது தெரியாது. வலது காதுக்கு ஒரு கருவி வாங்கினோம். அச்செடுத்துச் செய்த அதன் அடைப்பு, காதுத் துளையை இறுக மூடிக்கொள்ளும். வீட்டுக்குள் அது நன்றாகவே வேலை செய்தது.

அவருக்குச் சர்க்கரையும் இருந்தது. முழங்கால் தேய்ந்திருந்ததால் நடப்பதைவிட சைக்கிள் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலையில் தென்காசியிலிருந்து செங்கோட்டை வரை போய்த் திரும்புவார். சர்க்கரை அளவு இறங்கியது. ஆனால் அது புளியறை வழியாகக் கேரளாவுக்குப் போகும் லாரிகளின் சாலை. நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள். அந்தச் சாலையின் விபத்துகளைப் பலமுறை ஒற்றைப் பத்திக்குச் சுருக்கியிருக்கிறேன். ‘சைக்கிளில் சென்றவர் மீது’ என்று தொடங்கும் வாக்கியம் பெரும்பாலும் எப்படி முடியும் என்பது எனக்குத் தெரியும்.

ஆனி பிறந்து குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் கணவாய்க் காற்று இறங்கியது. அண்ணனின் கருவி அதை அப்படியே வாங்கிப் பெரிதாக்கிக் காதுக்குள் கொட்டியது.

“எதுத்த வீட்டு அண்ணாச்சி நடுரோட்டுல நின்னு கூப்பிட்டாராம், நீங்க பாட்டுக்குப் போனீங்களாமே. மெஷின் என்னத்துக்கு?” என்றார் மதினி.

“காத்து கேக்கதுக்கு. ஊரே சும்மா கேக்குத காத்த நான் மெஷின் வச்சுல்லா கேக்கேன்.”

கருவி வாங்கிய மையத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த இளம்பெண் கருவியைக் கணினியில் இணைத்துப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னாள்:

“காத்துச் சத்தத்தக் குறைச்சுத் தரலாம் சார். ஆனா காத்தும் கனத்த சத்தம், லாரி இன்ஜினும் கனத்த சத்தம். ஒண்ணக் குறைச்சா மத்ததும் குறையும்.”

“ஹாரன்?” என்று நான் கேட்டேன்.

“அது கேக்கும் மேடம்.”

“ஹாரன் கேட்டாப் போதும். குறைச்சிரும்மா” என்றார் அண்ணன்.

அந்த வாரமே இலஞ்சிக்குச் சாலை பிரியும் விலக்குக்குச் சற்று முன்னால் ஒரு லாரி அவரை ஒட்டிக் கடந்தது. இடது பக்கம் ஒதுங்கியவர் ஈர மண்ணில் சறுக்கி விழுந்தார். முழங்கை சிராய்ந்தது, வேறொன்றும் இல்லை. சேறு காயாத சட்டையோடு வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். ஹாரன் கேட்டிருக்கிறது. எவ்வளவு பின்னால் என்று தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டியது இன்ஜின் இரைச்சல். அதைத்தான் கருவி வடிகட்டிவிட்டது, மிச்சத்தை அடைப்பு தடுத்துவிட்டது.

“ரோட்டுல மட்டும் மெஷினக் கழட்டி வச்சிருதேன். வெறுங்காதுக்கு லாரி நல்லாவே கேக்கும்” என்றார்.

“கழட்டினா பக்கத்துல நின்னு நான் கூப்பிடுதது கேக்காது. லாரி கேக்குமாக்கும்? லாரி என்ன, உங்களுக்குப் பொண்டாட்டியா, கவனமாக் கேக்கதுக்கு?”

“நீ கத்துததும் கேக்கத்தான் செய்யுது. என்னத்தக் கத்துதன்னுதான் தெரியாது.”

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். மறுநாள் காலை மூவரும் செங்கோட்டைச் சாலையோரம் போய் நின்றோம். அண்ணன் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாலைக்கு முதுகைக் காட்டி நின்றார். பின்னால் வண்டி வருவது தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும். சாரல் விழுந்துகொண்டிருந்தது. லாரிகள் ஒவ்வொன்றுக்கும், அவை எங்களை நெருங்குவதற்கு வெகு முன்பே, கை உயர்ந்தது. பேருந்துகளுக்கும் உயர்ந்தது. மதினியின் முகத்தில் சந்தேகம் குறைவதைப் பார்த்தேன். அப்போது ஒரு மின்சார ஸ்கூட்டர் வந்தது. ஓட்டிய பெண் விடாமல் ஹாரன் அடித்தபடி அண்ணனின் முழங்கையை உரசுவதுபோலக் கடந்து போனாள். கை உயரவில்லை. ஸ்கூட்டர் தன் முன்னால் போய்க்கொண்டிருப்பதைக் கண்டபிறகுதான் அவருக்கே தெரிந்தது.

“இது போதும்” என்றார் மதினி. வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைப் பின்கட்டுக் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார்.

அண்ணன் சண்டை போடவில்லை. மெதுவாக நடந்தால் முழங்கால் தாங்கும் என்று, கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் நடக்கத் தொடங்கினார். அங்கே லாரி வராது. எங்கள் மூவருக்குமே அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. சாரலில் நனைந்த காலுறை, நனைந்த கான்வாஸ் ஷூ. வலது பெருவிரலில் கொப்புளம் எழுந்து, உடைந்து, புண்ணானது. சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்திருந்ததால் வலி இல்லை. வலி இல்லாததால் அவர் குனிந்து பார்க்கவும் இல்லை. துவைக்க எடுத்த காலுறையின் வாடையை வைத்து மதினிதான் கண்டுபிடித்தார். அதற்குள் அடுத்த விரலும் கறுத்திருந்தது.

மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் எங்கள் இருவரையும் அறைக்கு வெளியே அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். இரண்டு விரல்களை மட்டும் எடுக்கலாம், ஆறாவிட்டால் மறுபடியும் வெட்ட வேண்டிவரும். முன்பாதத்தோடு எடுத்துவிட்டால் ஆறும் வாய்ப்பு கூடுதல். நோயாளிக்குக் காது கேட்காது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அறையில் காற்று இல்லை, இரைச்சல் இல்லை. கருவி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் சரியாகச் செய்தது.

“டாக்டர், எனக்கு எல்லாம் கேக்குது. உள்ள வந்து சொல்லுங்க” என்றார் அண்ணன். மருத்துவர் சங்கடத்தோடு உள்ளே போனார்.

“முன்பாதம் போயிட்டா பெடல் மிதிக்க முடியுமா?”

“குதிகாலால மிதிக்கணும். பிடிமானம் இருக்காது. சிரமம்தான்.”

“விரல் மட்டும் போனா?”

“மிதிக்கலாம்.”

“செத்த பெறகும் சைக்கிள்லதான் போவாவளாம்” என்று சொல்லிவிட்டு மதினி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“விரல மட்டும் எடுங்க” என்றார் அண்ணன்.

எடுத்த இடம் ஆறவில்லை. சீசன் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது மறுபடியும் சேர்த்தோம். இந்த முறை மருத்துவர் எங்களை வெளியே அழைக்கவில்லை, இரண்டு வழி இருப்பதாகவும் சொல்லவில்லை. கட்டிலருகே நின்று, முழங்காலுக்குக் கீழே ஓர் இடத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அண்ணன் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.