சைலன்சர் ஒளித்து வைத்த இடங்கள்

அந்தக் கடைத்தெருவில் அவரைச் சைலன்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரையே எழுப்புகிற அலாரங்களைக் கார்களில் மாட்டுவது அவர் தொழில். அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம். எதிர்க்கடை டயர்க்காரர் வைத்த பேர்தான், இருபத்திரண்டு வருஷத்தில் தோலோடு ஒட்டிக்கொண்டது.

கடை மச்சானுடையது, மனைவியின் அண்ணன். முன்பக்கம் சீட் கவரும் வாசனை டப்பாவும் விற்பது மச்சான் வேலை. பின்பக்கம் ஒரே ஒரு வண்டி நிற்கும் கொட்டகையில், டாஷ்போர்டுக்கு அடியில் தலையும் வெளியே காலுமாக மல்லாந்து கிடப்பது இவர் வேலை.

அந்த வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் அவர் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வேறு ஊரில் இருக்கும் மகள், வண்டிகளின் மின்சுற்றுப் பலகைகளைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை.

"ஐம்பத்தாறு வயசுல இன்னும் எதுக்குப்பா அடுத்தவங்க கால்மிதியில படுத்துக் கிடக்கிறீங்க? அம்மாவும் இல்ல. இங்க வந்துடுங்க. அஞ்சு மணிக்குக் கூப்பிடுறேன், சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அதுக்கு மேல அவங்க காத்திருக்க மாட்டாங்க."

மகளிடம் சரி என்பது பெரிய காரியமில்லை. அதற்கு முன்னால் மச்சானிடம் சொல்ல வேண்டும். நாலு நாளாக அந்தப் பேச்சு தொண்டை வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைய வண்டி ஒரு டியூஷன் டீச்சருடையது. அலாரமும், தூரத்திலிருந்தே இஞ்சினை ஓடவிடும் ரிமோட்டும் கேட்டிருந்தார். மூன்றரைக்கு வேலை முடிந்தது. அன்றைய பத்து வார்த்தையையும் தாண்டி அவர் பேச வேண்டியிருந்தது.

"இறங்கும்போது இஞ்சின அணைக்கக் கூடாதும்மா. நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டு, சாவிய எடுத்துட்டு இறங்குங்க. வண்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும், பயப்படாதீங்க. கதவ மூடி ரிமோட்ல பூட்டினா அதுவே அணைஞ்சுடும். அடுத்த தடவ பட்டன அமுக்கினா ஸ்டார்ட் ஆகும். நடுவுல யாராவது கதவத் திறந்தா ஆகாது."

"ஏன் ஆகாது?"

"திறந்தவங்க கியர் போட்டிருந்தா? ஆள் இல்லாமயே வண்டி பாயும்."

டீச்சர் டயர்க்கடை வரை நடந்துபோய்ப் பட்டனை அமுக்கினார். கார் செருமிக்கொண்டு உயிர் பெற்றது.

"எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு கத்தினாலும் எந்திரிக்க மாட்டாரு. இது எட்ட இருந்தே எந்திரிக்குதே."

"அவருக்கும் ஒண்ணு மாட்டிடலாம் டீச்சர்," என்றார் மச்சான். "மாப்ள எங்க ஒளிச்சு வச்சான்னு அவருக்கே தெரியாது."

ஒளித்து வைப்பதுதான் சைலன்சரின் பேர்போன வித்தை. அலாரம் அடிக்கும்போது இஞ்சினை ஓடவிடாமல் செய்யும் ரிலே தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மற்றவர்கள் எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில் மாட்டுவார்கள். ஒரு வண்டியில் பார்த்துக்கொண்ட திருடன் எல்லா வண்டியிலும் கைவைப்பான். இவர் வண்டிக்கு வண்டி இடம் மாற்றுவார். எழுதி வைக்க மாட்டார். சாப்பிடும்போது மனைவியிடம் மட்டும் சொல்வார். அவளுக்கு ஸ்டியரிங் எது பிரேக் எது என்று தெரியாது. ஆனாலும் மூன்று வருஷம் கழித்துக் கேட்டால், "அந்தச் சிவப்பு வண்டி வாத்தியாருதா? இடது ஸ்பீக்கருக்குப் பின்னாடின்னு சொன்னீங்களே," என்பாள். அவள் போய் எட்டு மாதமாகிறது. அவளோடு பாதி வண்டிகளின் இடமும் போய்விட்டது. இப்போதெல்லாம் விரல்தான் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிறது.

அவள் காரியங்கள் முடிந்து கடை திறந்த நாளிலிருந்து மச்சான் இரண்டு டிபன் கேரியர் கொண்டுவருகிறார். ஒன்றை இவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தன்னுடையதைத் திறப்பார். இருவரும் சாப்பிடுவார்கள். தங்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

டீச்சர் கிளம்பியதும் சைலன்சர் கையைத் துடைத்துக்கொண்டே கல்லாவருகே வந்து நின்றார்.

"மச்சான், ஒரு விஷயம்."

"சொல்லு மாப்ள." மச்சான் நிமிர்ந்து பார்த்தார். தங்கையுடைய அதே மூக்கு, அதே அகன்ற நெற்றி.

கடை போன் அடித்தது. வாடகைக்கார் டிரைவர் ஒருவர், மார்க்கெட் வாசலில் மாட்டிக்கொண்டிருந்தார். அலாரம் நின்றுவிட்டது, இஞ்சின் மட்டும் எழவில்லை.

"இதோ வர்றான்," என்று சொல்லிவிட்டு மச்சான் போனை வைத்தார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி மாட்டினதாம். உன்னைத் தவிர எவன் கைய விட முடியும்? நீ இருக்கிற தைரியத்துலதான் நான் கடையத் திறக்கிறதே. என்னமோ சொல்ல வந்தியே?"

"வந்து சொல்றேன்."

மார்க்கெட் வாசலில் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் இருந்தவர்கள் டிரைவரின் மூன்று தலைமுறையையும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சைலன்சர் உள்ளே தலையைக் கொடுத்தார். தோள்கள் பெடலுக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகின. ஒரு கை டாஷ்போர்டுக்குள், மறு கை முதுகுக்கு அடியில். முன்சீட்டுப் பக்கம் இல்லை. காற்றுக்குழாய்க்குப் பின்னால், உலோகப் பட்டையைத் தாண்டி, ரிலே விரல் நுனியில் தட்டுப்பட்டது. இணைப்பு தளர்ந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். 'டிக்' என்று உட்கார்ந்தது.

வேலை முடிந்துவிட்டது. மணி நாலே முக்கால்தான் இருக்கும். நடந்தால் பத்து நிமிஷத்தில் கடை. மச்சானிடம் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

அவர் விரல் அங்கேயே இருந்தது. தலைக்கு மேலே ஒயர்கள், முகத்துக்கு நாலு விரற்கடையில் கருப்புப் பிளாஸ்டிக். மூச்சு திரும்பி வந்து கன்னத்தில் சுட்டது. வெளியே வந்தால் அந்த நெற்றியைப் பார்த்துப் பேச வேண்டும். டிபன் கேரியர் ஒன்று போதும் என்று சொல்ல வேண்டும்.

"கிடைச்சுதா அண்ணே?" டிரைவரின் குரல் எங்கோ தூரத்திலிருந்து கேட்பது போலிருந்தது.

"தேடுறேன்."

வெகுநேரம் கழித்துப் பேண்ட் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கக் கை இல்லை. ஒரு கையை உருவலாம். உருவினால் வலிக்கும், அவ்வளவுதான். நின்றது. மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவை தொடை மரத்துப்போகும் வரை அதிர்ந்து அடங்கியது.

"அண்ணே, போன் வருது. எடுத்துக் காதுல வைக்கட்டுமா?"

"வேண்டாம்ப்பா," என்றார் அவர். "இன்னும் கிடைக்கல."