கமலாசனி கட்டிய கம்பு

கமலாசனி மூன்றாவது முறையாகச் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தது 1961 தை மாதத்தில். வவுனியாவுக்கு வடக்கே, கண்டி வீதியோரம் வளர்ந்துகொண்டிருந்த பாலையடிச்சந்தி என்ற சிறு பட்டினத்துக்கு அவள்தான் அரசாங்க மருத்துவிச்சி; ஊர்வாயில் 'மிஸி'. சந்தையடி மதகின் ஒரு பக்கம் மாரி மழையில் இடிந்து மூன்று வருடமாகியும் அப்படியே கிடந்தது. மிச்சமிருந்த ஒடுக்கமான இடத்திலும் லொறிக்காரர் வேகத்தைக் குறைப்பதில்லை. ஹோர்ன் அடித்தபடி உரசிக்கொண்டு போவார்கள். சைக்கிளில் வருபவர் ஒதுங்கினால் வாய்க்கால்தான்.

விழுந்ததை அவள் பெரிதாக எடுக்கவில்லை. பைக்குள் இருந்த கத்தரிக்கோலும் பஞ்சும் சேற்றில் சிதறியதுதான் அவளுக்கு வயிறெரிச்சல். திரும்பிப் போய் எல்லாவற்றையும் அவித்தெடுத்துக்கொண்டு பிரசவ வீட்டுக்குப் போக, பிள்ளை பிறந்து அழுதுகொண்டிருந்தது. நல்ல காலம், தாயும் பிள்ளையும் சுகம்.

அடுத்த நாளே பட்டினசபைக் கந்தோருக்குப் போனாள். தலைவர் கனகலிங்கம் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்தார்.

"தங்கச்சி, தெரு அரசாங்கத்தின்ர. வாய்க்கால் சபையின்ர. மதகு ஆரின்ர எண்டுதான் இன்னும் முடிவாகேல்லை."

"சைக்கிளுக்குத் தகடு தந்து வரி வாங்கேக்கை மட்டும் தெரு உங்கடையோ ஐயா?"

பக்கத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் சிரித்தார். "பொம்பிளைக்கு என்னத்துக்குச் சைக்கிள்? வண்டில்ல போகலாம்தானே."

"வண்டில் வருமட்டும் பிள்ளை பாத்துக்கொண்டிருக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தேத்தண்ணி அப்படியே இருந்தது.

அன்று பின்னேரம் கணவர் செல்வநாயகத்திடம் வேலிப் பூவரசில் ஒரு கம்பு வெட்டித் தரச் சொன்னாள். சைக்கிள் ஓடவே தெரியாத வாத்தியார் அவர். எதற்கென்று கேளாமல் வெட்டிச் சீவிக் கொடுத்தார். அதைக் கரியரில் குறுக்கே வைத்து, வலப்பக்கம் ஒன்றரை முழம் நீட்டிக்கொண்டு நிற்கக் கட்டினாள். நுனியில் ஒரு சிவப்புத் துணி.

அடுத்த நாள் மதகடியில் மரம் ஏற்றி வந்த லொறி ஒன்று பின்னால் கிரீச்சிட்டு நின்றது. சாரதி சரீப் தலையை வெளியே நீட்டினான்.

"மிஸி! புதுப் பெயின்ற். கீறிப்போடும்!"

"அப்ப தள்ளிப் போங்கோ."

சரீப் வாய்விட்டுச் சிரித்தான். அவள் மதகைக் கடக்குமட்டும் பின்னாலேயே மெல்ல ஊர்ந்து வந்தான்.

பத்து நாளுக்குள் தபால்காரர் அப்புத்துரை கம்பு கட்டினார். பாண்காரர் கட்டினார். பள்ளிக்கூட ரீச்சர் இருவரும் கட்டினார்கள். சந்தி முழுக்கச் சிவப்புத் துணி பறந்தது. மூன்று வருடமாக மதகைப் பற்றி முடிவெடுக்க முடியாத சபை, ஒரே பின்னேரத்தில் கூடிக் கம்புக்குத் தடை போட்டது.

கமலாசனி அரசாங்க உத்தியோகத்தர்; தடையை மீற முடியாது. கம்பை அவிழ்த்து வேலியோரம் போட்டாள். மறுநாள் காலை மதகை நெருங்கும்போது பின்னால் லொறிச் சத்தம் கேட்டது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் சத்தம் தணிந்தது.

"கம்பு எங்க மிஸி?" சரீப்தான்.

"சபை வேண்டாமெண்டிட்டுது."

"அது கிடக்கட்டும். இருக்கிற மாதிரி நினைச்சுக்கொண்டு ஓடுறம். நீங்க போங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை சரீப்பும் நாலு சாரதிகளும் மர ஆலையில் கழித்துவிட்ட பாலைமரக் குற்றிகளைக் கொண்டுவந்து, இடிந்த பக்கத்தில் அடுக்கி, கிரவல் கொட்டி இறுக்கினார்கள். கமலாசனி சேலையைச் செருகிக்கொண்டு நின்று, குடத்தில் மோர் கரைத்து ஊற்றினாள். வாய்க்காலுக்குள் விழுந்த நேரமெல்லாம் லொறிக்காரரை ஏசிய ஏச்சு நினைவுக்கு வர, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சபை சும்மா இருக்குமா? அடுத்த கிழமை குற்றிகளுக்கு வெள்ளையடித்து, தோரணம் கட்டி, நாடா வெட்ட ஆயத்தம் செய்தது. கனகலிங்கம் மாலையோடு நிற்கும்போது கமலாசனி சைக்கிளில் வந்தாள்.

"தங்கச்சி, இறங்கி ஒரு வார்த்தை பேசிப்போட்டுப் போங்கோவன்."

"அங்க ஒருத்திக்கு வலி கண்டிட்டுது ஐயா. பிள்ளை பிறக்கட்டும், வந்து பேசுறன்" என்றாள் அவள். தலைவர் நாடாவைத் தூக்கிப் பிடிக்க, குனிந்து அதன் கீழால் போய்விட்டாள்.