தலைக்கணக்கு நாளில் ஒடெஸா

ஹாம்ட்ராமிக் என்ற கார் ஆலை ஊரில் மூடுபனி இறங்கும் காலைகளில் பிள்ளைகள் வருவது கண்ணுக்குத் தெரியாது. சத்தம்தான் முதலில் வரும். பள்ளி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒடெஸா டாலிவர், பனிக்குள்ளிருந்து வரும் சிரிப்பையும் செருமலையும் வைத்தே இது நாதியா, இது தாவித், இது மிலோஷ் என்று முணுமுணுப்பாள். கார் இருக்கை தைக்கும் ஆலை மூடியபின் அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் இந்தச் சார்ட்டர் பள்ளிக்கு வருகைப் பதிவு எடுக்க வந்தவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அதனால் தூக்கத்திலும் வருகை எடுப்பாள். ஏமன் பிள்ளை, வங்காளப் பிள்ளை, போலந்துப் பிள்ளை, அவளைப் போன்ற கறுப்பினப் பிள்ளை, எல்லாம் மேகத்தின்மேல் வரிசையாக உட்கார்ந்து "இருக்கேன் மிஸ்" என்று சொல்லும். கனவில் ஒருவர்கூட விடுபட்டதில்லை.

அக்டோபர் முதல் புதன்கிழமை தலைக்கணக்கு நாள். அன்று வகுப்பில் எத்தனை தலை இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் மாநில அரசு பள்ளிக்குப் படியளக்கும். வருஷம் முழுக்கக் கண்டுகொள்ளாத பிள்ளைகளையும் அன்று தாங்கு தாங்கென்று தாங்குவார்கள். ஒரு பள்ளி சைக்கிள் குலுக்கல் வைக்கும், ஒரு பள்ளி பீட்சா போடும். வெட்கமாவது மண்ணாவது.

இந்த வருஷம் ஷிரின் சௌதுரியின் வாசிப்பு அறை தொங்கலில் இருந்தது. ஊருக்குப் புதிதாக வந்து, ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாத பிள்ளைகளை ஷிரின் அங்கே உட்காரவைத்துத் தேற்றிவிடுவாள். தேறியதுமே, மதிப்பெண்ணில் பேர்போன பள்ளிகள் அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளும். ஆகவே இங்கே தேர்வு முடிவு என்றைக்கும் சுமார்தான். பாலூட்டி வளர்ப்பது ஒருத்தி, பேர் வாங்குவது இன்னொருத்தி என்று ஒடெஸாவுக்குத் தீராத எரிச்சல். தலை குறைந்தால் அறையை மூட வேண்டியதுதான் என்று முதல்வர் பீஸ்லி சொல்லிவிட்டார்.

அன்று மணி அடிக்குமுன் பனிக்குள்ளிருந்து இன்திசார் வந்தாள், மகள் பில்கீஸின் கையைப் பிடித்துக்கொண்டு. ஏமனிலிருந்து போன வருஷம் வந்த குடும்பம். தாய்க்கு ஆங்கிலம் வராது, மகள்தான் எடுத்துச் சொன்னாள்.

"மிஸ் ஒடெஸா, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கற ஸ்கூல்ல எனக்கு இடம் கெடைச்சிருக்கு. பஸ் வீட்டுக்கே வருமாம். இன்னைக்கே சேரணுமாம். மாத்தல் காகிதம் வேணும்னு அம்மா கேக்கறாங்க."

இன்றைக்கேயாம். அவர்களுக்கும் தலை வேண்டும். பின்னால் பீஸ்லி தன் அறை வாசலில் நின்று, கொஞ்சம் இழுத்தடி என்று கையைக் காட்டினார். ஒடெஸாவுக்கு வாசிப்பு அறையின் மஞ்சள் விளக்கு கண்முன் வந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் நடந்து போவதுபோல் இருந்தது.

"மத்தியானம்தான் குடுக்க முடியும் கண்ணு," என்றாள். "அதுவரைக்கும் க்ளாஸ்ல இரு. பீட்சா இருக்கு. பன்னி இல்லாத பீட்சாதான், அம்மாகிட்ட சொல்லு."

வாழ்க்கையில் அவள் அந்த மேசையில் சொன்ன முதல் பொய். இன்திசார் நம்பித் தலையாட்டினாள். அதுதான் ஒடெஸாவைச் சுட்டது.

பில்கீஸ் நகரவில்லை. மேசைக்குப் பின்னாலிருந்த சுவரையே பார்த்தாள். அங்கே ஓர் அட்டை. முன்னொரு காலம் பெற்றோரை அலையவிட்ட அலுவலர்கள்மேல் வந்த கோபத்தில் ஒடெஸாவே தடிப்பேனாவால் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியது. பில்கீஸ் ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்தி வாசித்தாள்.

"பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டுமா? கேட்ட உடனே காகிதம் கிடைக்கும். யாரும் உங்களைக் காக்க வைக்கக் கூடாது." பிறகு குழம்பிப்போய்க் கேட்டாள். "மிஸ், உடனேன்னுல்ல போட்டிருக்கு?"

ஒடெஸாவுக்கு முகம் பற்றி எரிந்தது. அதே நேரம் உள்ளே எதுவோ துள்ளியது. போன வருஷம் ஷிரினின் அறைக்கு வந்தபோது இந்தக் குழந்தைக்குத் தன் பெயரைக்கூட ஆங்கிலத்தில் எழுதத் தெரியாது.

"ஆமா தங்கம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்," என்றாள். பீஸ்லி பக்கம் திரும்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தாயும் மகளும் பனிக்குள் கரைந்தார்கள்.

மாலையில் கணக்கு முடிந்தது. தலை குறைவுதான். கிறிஸ்துமஸோடு அறையை மூடுவதாகப் பீஸ்லி சொல்லிவிட்டுப் போனார். ஷிரின் வந்து மேசையோரம் நின்றாள்.

"பில்கீஸ் போயிட்டாளா அக்கா?"

"போயிட்டா. நிறுத்தி வைக்கலாம்னு ஒரு பொய் சொன்னேன். பிடிச்சுட்டா."

"எப்படி?"

ஒடெஸா சுவரைக் காட்டினாள். ஷிரின் அட்டையை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"மூணு வரியும் வாசிச்சாளா?"

"கடைசி வரியில கொஞ்சம் திக்கித் திக்கி நின்னா. அப்புறம் அவளே சரி பண்ணிக்கிட்டா."

"அது கஷ்டமான வரிதான்," என்ற ஷிரின், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எப்படி வாசிச்சா, இன்னொரு தடவை சொல்லுங்க."