மூடியைக் கட்டிய கயிறு

கோ சலீம் இறந்த செய்தி வந்தபோது, கணினித் திரையில் அவர் செய்திருந்த ஒரு ஸ்டூலில் குறை தேடிக்கொண்டிருந்தேன். யாங்கோனுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள தன்லியினிலிருந்து அவருடைய மைத்துனர் போனில் பேசினார். "மச்சான் மவுத்தாயிட்டார், ராஜு அண்ணே. காலையில நெஞ்சு வலிக்குதுன்னார். அவ்வளவுதான்." அதுவரை குறை எதுவும் அகப்பட்டிருக்கவில்லை. அதற்குமேல் தேட மனமில்லை.

அடக்கத்துக்கு வந்த கூட்டம் பாதித் தெருவை அடைத்து நின்றது. நான் போனால் இதில் கால் பங்கு வந்தாலே அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நினைக்கக்கூடாததுதான்.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் தொழில் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ஒரு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, அனிமேஷன் படக் காட்சிகளுக்கு வேண்டிய பொருட்களை இருவரும் கணினியில் செய்துவந்தோம். வெளிநாட்டில் ஆயத்தமாக விற்கும் தொகுப்புகளில் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறை கரண்டி முதற்கொண்டு கிடைக்கும். யாங்கோன் டீக்கடை கிடைக்காது. "நம்ம கடைய நாமதாண்ணே போடணும்" என்பார் சலீம். போட்டதெல்லாம் அவர்தான். இயக்குநர் மா தீரியின் (பர்மியப் பேச்சில் ஆணுக்குக் 'கோ', பெண்ணுக்கு 'மா' என்பது மரியாதை) படத்தில் என் பொருள் ஒன்றாவது வர வேண்டும் என்பது என் பல வருட ஆசை. ஒன்றும் வந்ததில்லை.

பொருள் செய்ய எந்த மென்பொருளை எடுக்கலாம் என்று மா தீரி ஒருமுறை எங்களைக் கேட்டார். நான் பதினான்கு பக்க அறிக்கை எழுதி, இருப்பதிலேயே துல்லியமானதைப் பரிந்துரைத்தேன். சலீம் கீழே இறங்கிப்போய், டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார்.

"கரண்ட் போறதுக்குள்ள ஆளுக்கு ஒண்ணு செய்வோம்ணே. எதுல முடியுதோ, அதை எடுத்துக்கலாம்."

என் மென்பொருள் திறக்கும் முன் இணையத்தில் தன் முதலாளிக் கம்பெனியிடம் அனுமதி கேட்கும் வகை. அன்று இணையம் இல்லை. கரண்ட் போகும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது. சலீம், யாரையும் எதுவும் கேட்காத ஓர் இலவச மென்பொருளில், இரண்டாவது ஸ்டூலுக்குக் கால் வைத்துக்கொண்டிருந்தார். "அறிக்கை நல்லா இருக்கு, கோ ராஜு" என்று சொல்லி மா தீரி தன் டீக் கோப்பையை அந்த அறிக்கைமேல் வைத்தார்.

நான் விடவில்லை. வீட்டில் என் மென்பொருளிலேயே ஒரு டீக்கடைக் கெட்டில் செய்து கொண்டுவந்தேன். அளவு இம்மி பிசகாது. மா தீரி பார்த்துவிட்டு, "இது விமான நிலையத்துக் கடையோட கெட்டில்" என்றார்.

"மூடியைக் கட்டலியேண்ணே" என்றார் சலீம். "கைப்பிடியோட கயிறு போட்டுக் கட்டாட்டி, மூடி ஒரு நாளாவது கடையில தங்குமா?"

நாற்பது வருடமாக அந்தக் கெட்டில்களிலிருந்து ஊற்றிக் குடிக்கிறேன். கயிற்றைப் பார்த்ததில்லை. கெட்டில் இருந்த கணினிக் கோப்பை அழித்துவிடச் சலீமிடம் சொன்னேன். "சரிண்ணே" என்றார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அவர் பாதியில் விட்ட டீக்கடைக் காட்சியை முடித்துத் தரும்படி மா தீரி என்னிடம் சொன்னார். "நடு மேஜையில இருக்கிற கெட்டிலை மட்டும் தொடாதீங்க. கோ சலீம் செஞ்சதுலயே அதுதான் உசத்தி."

நான் அறிக்கையில் கேலி செய்திருந்த அந்த இலவச மென்பொருளைத் திறந்து, முதலில் அதைத்தான் தொட்டேன். கோப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு; திறந்து வேலை செய்பவருக்கு மட்டுமே தெரியும். அதன் பெயர் 'ராஜு அண்ணன் கெட்டில்'. என் அளவுகளில் ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை. அழுக்கேறிய ஒரு கயிறு மட்டும் கட்டியிருந்தார்.

கயிற்றை எடுத்துப் பார்த்தேன். கெட்டில் விமான நிலையத்துக்குத் திரும்பிவிட்டது. இருந்தாலும் முழுக்க என்னுடையதாக அல்லவா இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போயிற்று. "சேமிக்காததை நம்ம வேலைன்னு சொல்லாதீங்கண்ணே" என்பது சலீம் எனக்கு அடிக்கடி சொன்னது. மத்தியானம் கரண்ட் வந்து திறந்தபோது, கயிறு பழையபடி இருந்தது. இந்த முறை கயிற்றோடேயே சேமித்தேன்.

கெட்டில் யாருடையது என்று மா தீரியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், பெருந்தன்மையிலும் சலீம்தான் எனக்கு முன்னால் என்பது தெரிந்துவிடும். ஆசைப்பட்டபடி என் பொருள் படத்தில் வருகிறது, சலீம் பெயரில். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் கட்டிய அந்தக் கயிறு.